வீட்டுப் பட்டறைக்கு மேல்விளக்கு: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

வீட்டுப் புறவாசலில் சிறு பட்டறை போட நினைப்பவர்கள் வட்ட ரம்பத்துக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் கடை கடையாக ஏறி இறங்கி விலை விசாரிக்கிறார்கள். விளக்கு என்று வரும்போது மட்டும் "நாலு பாயிண்ட் போட்டுருங்க" என்று வயர்மேனிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த நாலு பாயிண்டும் பெரும்பாலும் கூரையின் நடுவிட்டத்தை ஒட்டி ஒரே வரிசையில் அமைந்துவிடும். வேலை மேசையோ சுவரை ஒட்டிக் கிடக்கும். ஆகவே வெளிச்சம் வேலை செய்பவரின் முதுகிலும், அவருடைய நிழல் அவர் உளி பிடித்திருக்கும் இடத்திலும் விழும். எத்தனை வாட் கூட்டினாலும் இந்தக் குறை தீராது. வீட்டுப் பட்டறைக்கு விளக்குத் தேரும்போது வாட்டையும் விலையையும் பார்ப்பதற்கு முன் நிழலையும் சுழலும் அலகையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள ஒப்பீட்டுக்கும் அதுவே அளவுகோல்.

ஒப்பீடு வெறும் பேச்சாக நின்றுவிடாமலிருக்க ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் என் அத்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பழைய மாட்டுத் தொழுவை இடித்துவிட்டு அதே இடத்தில் பத்தடி அகலமும் இருபதடி நீளமுமாக ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். சுவர் செங்கல், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தாழ்ந்த பக்கம் ஒன்பதடி, உயர்ந்த பக்கம் பதினொன்று. உள்ளே ஒரு வட்ட ரம்பம், மரம் கடையும் இயந்திரம் ஒன்று, சுவரோரம் மேசை. நெல்லைச் சீமையில் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கின்றன.

எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதை லக்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். விளக்கு தரும் மொத்த ஒளியை அளப்பது லூமென்; ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். அறுத்தல், இழைத்தல் போன்ற பொது வேலைக்கு 300 லக்ஸ் போதும். அளவுக்கோடு பார்த்துச் சேர்க்கை வெட்டுவதற்கும், மெருகு போடுவதற்கும் 500 முதல் 750 வரை வேண்டும். வயதானவர்களின் கண் இதற்கும் கூடுதலாகவே கேட்கும். அறுபதைத் தாண்டியவரின் விழித்திரையை எட்டும் ஒளி, இளைஞருடையதில் பாதிக்கும் குறைவு. ஓய்வுக்காலப் பொழுதுபோக்காகப் பட்டறை வைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நல்ல விளக்கு போட்ட பின்னும் "பொழுது இருட்டிட்டே வருது" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

இனிக் கணக்கு. இருநூறு சதுர அடி என்பது சுமார் 18.6 சதுர மீட்டர். அதில் 500 லக்ஸ் வேண்டுமென்றால் மேசை மட்டத்துக்கு 9,300 லூமென் வந்து சேர வேண்டும். விளக்கிலிருந்து புறப்படும் ஒளியெல்லாம் மேசைக்கு வருவதில்லை. ஒரு பகுதியைக் கூரையும் சுவரும் விழுங்கிவிடும், இன்னொரு பகுதி விளக்கின் மேல் படியும் தூசியாலும் விளக்கின் வயதாலும் குறையும். முதலாவதற்கு 0.55 என்றும் இரண்டாவதற்கு 0.8 என்றும் வைத்துப் பெருக்கினால் 0.44 வருகிறது. 9,300-ஐ அதனால் வகுத்தால் 21,000 லூமெனுக்குச் சற்று மேல். ஆக, நாம் வாங்க வேண்டியது 21,000 லூமென்; அதை எந்த உருவத்தில் வாங்குவது என்பதே கேள்வி.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. 0.55 என்ற எண் வெள்ளையடித்த சுவரும் வெள்ளையடித்த கூரையும் உள்ள இடத்துக்கே பொருந்தும். சாம்பல் நிறத்தில் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் அடிப்பகுதியும் பூசாத செங்கல் சுவரும் ஒளியில் பாதிக்கு மேல் குடித்துவிடும். இரண்டு வாளி வெள்ளை டிஸ்டெம்பர் செய்யும் வேலையைச் செய்ய இரண்டு விளக்குகள் கூடுதலாக வேண்டியிருக்கும்; அந்த இரண்டுக்கும் ஆயுள் முழுவதும் கரண்டு பில் கட்ட வேண்டும், வெள்ளைக்கு அது கிடையாது. ஆஸ்பெஸ்டாஸைச் சுரண்டாமல், உரசாமல், மேலாகப் பூச வேண்டும் என்பது மட்டும் முக்கியம். அதன் நார்த்தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

பழைய டியூப் லைட்டை முதலில் எடுத்து ஒதுக்கிவிடலாம். 36 வாட் சாதாரணக் குழாய் சுமார் 2,450 லூமென் தரும். செம்புச் சோக்கு தன் பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு வாட் தின்னும். நம் கணக்குக்கு ஒன்பது குழாய்கள், மொத்தம் 430 வாட் வரை. பாதரச மாசைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, இவ்வகைக் குழாய்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்திவிட முடிவெடுத்துவிட்டன. பரணில், குழாயை மாட்டும் பட்டியோடு இலவசமாகக் கிடக்கிறது என்பதற்காகக்கூட இதைப் புதிதாக மாட்ட வேண்டாம்.

பட்டி நன்றாக இருக்கிறதே, அதில் எல்.இ.டி குழாயை மட்டும் செருகிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செருகலாம். ஆனால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு உள்வயரை மாற்ற வேண்டும், எல்.இ.டி குழாய்களில் சில ஒரே முனையில் கரண்டு வாங்குபவை, சில இரு முனையிலும் வாங்குபவை. இரு முனைக் குழாயில் ஒரு பக்கத்தைச் செருகிவிட்டு மறுபக்கத்தைக் கையில் பிடித்திருக்கும்போது அந்த முள்ளில் மின்சாரம் இருக்க வாய்ப்புண்டு. பின்னாளில் விவரம் தெரியாத ஒருவர் அதே பட்டியில் பழைய குழாயை மாட்டிப் பார்ப்பதும் நடக்கும். பட்டியும் எல்.இ.டியும் ஒன்றாகவே வரும் புது பேட்டன் விளக்கு விற்கும் விலையைப் பார்த்தால், மிச்சப்படும் காசுக்கு இந்தத் தொல்லை பெறாது.

அத்தான் முதலில் விரும்பியது வேறொன்று. திருவிழாக் கடைகளிலும் காய்கறிச் சந்தையிலும் வயரில் தொங்குமே, 40 அல்லது 50 வாட் பெரிய எல்.இ.டி பல்பு, அதில் ஐந்து. கணக்குப் பார்த்தால் இது முட்டாள்தனமான யோசனை அன்று. ஒரு 40 வாட் பல்பு சுமார் 4,000 லூமென் தரும். ஐந்து போட்டால் 20,000. ஹோல்டர் இருந்தால் போதும், பட்டியும் திருகும் வேண்டாம். கெட்டால் கழற்றி மாட்ட ஒரு நிமிடம். குறை அதன் உருவத்தில் இருக்கிறது. இத்தனை ஒளியும் உள்ளங்கையளவு இடத்திலிருந்து புறப்படுவதால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். ரம்பத்தின் காப்புத் தகடு, தள்ளு கட்டை, விரல்கள் எல்லாவற்றுக்கும் கரிய நிழல். ஐந்து பல்புக்கு ஐந்து திசையில் நிழல். பென்சில் கோடு எது, அளவுகோலின் ஓர நிழல் எது என்று தெரியாமல் போகும். ஒன்பதடி உயரத்தில் அது கண்ணையும் குத்தும். நீண்ட பலகையைத் தூக்கித் திருப்பும்போது அண்ணாந்து பார்த்தவருக்குச் சில நொடிகள் எதுவும் தெரியாது. சந்தைக்கு அது நல்ல விளக்கு. ரம்பம் ஓடும் இடத்துக்கு அன்று.

இதே காரணத்தால், ஆலைகளின் உயர்ந்த கூரையில் தொங்கும் ஹைபே விளக்கும் இந்தக் கொட்டகைக்கு உதவாது. 100 வாட் ஹைபே இரண்டு போட்டால் 20,000 லூமெனுக்கு மேல் கிடைக்கும். வாட்டுக்குக் கிடைக்கும் லூமெனிலும் அது பல பேட்டன்களை முந்தும். ஆனால் அது இருபதடிக்கு மேற்பட்ட கூரைக்கென்று செய்யப்பட்டது. பத்தடியில் தொங்கவிட்டால் விளக்குக்கு நேர் கீழே பட்டப்பகலும் மூலையில் அந்தியுமாக இருக்கும். ஓடாமல் கிடக்கும் அரிசி ஆலையையோ பழைய கிட்டங்கியையோ பட்டறையாக மாற்றுபவர்களுக்கு மட்டும் ஹைபேதான் சரி. அங்கே பேட்டனை அவ்வளவு உயரத்தில் மாட்டுவது வீண்.

மிஞ்சுபவை நாலடி எல்.இ.டி பேட்டனும், இரண்டுக்கு இரண்டடி எல்.இ.டி பேனலும். நிழலைப் பொறுத்தவரை பேனல்தான் சிறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பரப்பு பெரிதாக இருப்பதால் ஒளி மெத்தென்று விழும், கண் கூசாது. 36 வாட் பேனல் ஆறு போட்டால் நம் கணக்கு நிறைந்துவிடும். எட்டடி, எட்டரை அடி உயரத்தில் காங்கிரீட் தளம் போட்ட அறையை, அதாவது கீழ்வீட்டின் ஓர் அறையையோ தட்டட்டியில் (மொட்டைமாடியில்) கட்டிய ஒற்றை அறையையோ பட்டறையாக்குபவர்களுக்கு நான் பேனலைத்தான் சொல்வேன். ஆனால் ஷீட் கூரைக் கொட்டகையில் அதை மாட்டுவதற்குச் சட்டம் அடிக்க வேண்டும். மரத்தூசி அதன் முதுகில் மெத்தையாகப் படியும். ஒரு பேனலின் விலைக்கு இரண்டு மூன்று பேட்டன் வாங்கலாம்.

பேட்டனிலும் இரண்டு வழி உண்டு. 20 வாட் பேட்டன் சுமார் 2,000 லூமென் தரும்; அதில் பத்துப் பதினொன்று வேண்டும். 36 வாட் பேட்டன் 3,600 முதல் 4,000 வரை தரும், அதில் ஆறு. மின்செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: 216 வாட். எண்ணிக்கை கூடினால் நிழல் மேலும் மென்மையாகும் என்றாலும், பத்துப் பாயிண்டுக்கு வயர் இழுக்கும் கூலியும் பெட்டியும் சேர்ந்தால் ஆதாயம் போய்விடும். ஆகவே இந்த அளவுக் கொட்டகைக்கு 36 வாட் பேட்டன் ஆறு, மூன்று மூன்றாக இரண்டு வரிசை என்பதே என் தேர்வு. நாளுக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் இது சுமார் 39 யூனிட். பழைய டியூப் லைட்டாக இருந்தால் ஏறத்தாழ 78. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சிலர் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ரம்பமும் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஓடும் வீட்டில் மேற்கொண்டு வரும் ஒவ்வொரு யூனிட்டும் மேல்படி விலையில்தான் கணக்காகும். பொழுதுபோக்கு தொழிலாகி, செய்து விற்கத் தொடங்கினால் வீட்டு இணைப்பையே நம்பியிராமல் அதற்குரிய இணைப்புக்கு மாறிவிட வேண்டும்.

உருவம் முடிவான பிறகும் எந்த பேட்டன் என்ற கேள்வி இருக்கிறது. பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. சோக்கில் ஓடும் டியூப் லைட்டும், மட்டமான டிரைவர் (எல்.இ.டிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் உள்சுற்று) கொண்ட எல்.இ.டியும் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். கண் அதை உணராது. சுழலும் பொருள் காட்டிக்கொடுத்துவிடும். 1,440 சுற்று மோட்டாரோடு நேராக இணைந்த கடைசல் இயந்திரத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைச் சக்கு விநாடிக்கு 24 முறை சுற்றுகிறது. ஒளி ஒருமுறை துலங்கி மறுமுறை துலங்குவதற்குள் அது ஏறக்குறைய கால் சுற்றுச் சுற்றி, ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்து நிற்கும். பார்ப்பவருக்குச் சக்கு மெல்ல ஊர்வதாகவோ நின்றுவிட்டதாகவோ தோன்றும். ரம்பத்தின் பற்களிலும் இதே மயக்கம் உண்டு. ஆலைகளில் மூன்று பேஸிலும் விளக்குகளைப் பிரித்து மாட்டி இதைத் தணிப்பார்கள். ஒற்றை பேஸ் வீட்டில் அதற்கு வழியில்லை. ஒளி மங்கித் துலங்காதபடி மின்சாரத்தை உள்ளேயே நிரவிவிடும் நல்ல டிரைவர் கொண்ட விளக்கை வாங்குவது ஒன்றே வழி.

கடையில் இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கைப்பேசியின் கேமராவை எரியும் விளக்கின் அருகில் பிடித்தால், மோசமான விளக்கில் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் நகரும். நல்லதில் இரா, அல்லது மிக மங்கலாக இருக்கும். இல்லையென்றால் விளக்கின் கீழ் ஓர் ஈர்க்குச்சியை வேகமாக விசிறிப் பார்க்கலாம். ஒரே மங்கலான விசிறலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் அந்த விளக்கை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். தெருவிளக்குக்கும் திண்ணைக்கும் மலிவு பேட்டன் போதும். சுழலும் அலகு உள்ள இடத்துக்குப் போதாது.

டிரைவரைப் பற்றிப் பேசும்போது நம் வெயிலையும் பேச வேண்டும். அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். அது மிதமான வெப்பத்துக்குச் சொன்னது. எல்.இ.டி சில்லு எளிதில் சாகாது, டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கிதான் முதலில் காயும்; பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பங்குனி, சித்திரையில் ஷீட் கூரையின் அடியில் கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு அங்கே என்ன சூடு என்று தெரியும். எனவே பேட்டனை ஷீட்டோடு ஒட்டியோ விட்டத்தின் மேல்பக்கத்திலோ மாட்டாமல், ஒரு ஜி.ஐ குழாயையோ மரச்சட்டத்தையோ குறுக்கே கொடுத்து, கூரையிலிருந்து ஓரடியாவது இறக்கி மாட்ட வேண்டும். உடல் அலுமினியமாக இருப்பது நல்லது.

தூசி அடுத்தது. ஆடிக் காற்று வீசும்போது திசையன்விளைப் பக்கத்துத் தேரிமணல் சாத்திய சன்னலுக்குள்ளும் வந்துவிடும். அதோடு நாம் அறுக்கும் மரத்தூசி. சாதாரண பேட்டனைத் துணியால் துடைத்துக்கொண்டால் போதும். தூசி மிகுந்த பட்டறைக்கு, முழுதும் மூடிய ஐ.பி.65 தரப் பேட்டன் கிடைக்கிறது. விலை கூடுதல், சூடு வெளியேறுவதும் சற்றுக் குறைவு. உவரி, கூடங்குளம், கூத்தங்குழி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்புப் பட்டியை விரைவில் துருவாக்கிவிடுவதால் அங்கே மூடிய, பாலிகார்பனேட் உடல் கொண்ட விளக்குக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும். தென்காசி, செங்கோட்டைச் சாரலிலும் அப்படியே. அம்பாசமுத்திரத்துக் கொட்டகைக்கு அது கட்டாயம் இல்லை. ஐப்பசி மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும்போது மட்டும் எந்த விளக்கானாலும் ஒன்றுதான்: அன்றைக்கு வார்னிஷ் அடிக்கக் கூடாது.

நிறத்தைப் பற்றிய தேர்வு கடையிலேயே தவறிவிடுகிறது. நம் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 6,500 கெல்வின் வெள்ளை. நீலம் சாய்ந்த வெளிச்சம். அறுப்பதற்கும் இழைப்பதற்கும் அது போதும். மரத்தின் நிறம் தெரிய வேண்டிய வேலைக்கு 4,000 கெல்வின் நல்லது. அதைவிட முக்கியமானது நிறங்காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ எண். சாதாரண விளக்குகளில் இது 80 அளவில் இருக்கும், சிவப்பைத்தான் அவை அதிகம் மழுப்பும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்கள் அரக்குச் சாயத்தைச் சுழலும் மரத்தின் மேலேயே ஏற்றுகிறார்கள்; அந்தச் சிவப்பும் மஞ்சளும் பட்டறையில் ஒரு மாதிரியும் வாசலுக்குக் கொண்டுவந்தால் வேறு மாதிரியும் தெரிவதற்கு விளக்கும் ஒரு காரணம். தேக்குக்கும் ஈட்டிக்கும் பாலிஷ் போடுபவருக்கும் இதுவே கதி. ஆறு விளக்கையும் 90 சி.ஆர்.ஐ-யில் வாங்கச் செலவு கூடும். பொது விளக்கை 80-இல் வைத்துக்கொண்டு, மேசைக்கு மேலே திருப்பிக்கொள்ளத்தக்க கைவிளக்கு ஒன்றை மட்டும் 90-இல் வாங்குவது சிக்கனமான ஏற்பாடு.

பகல் வெளிச்சம் இருக்கும்போது இத்தனை விளக்கு எதற்கு என்பாரும் உண்டு. கூரையில் இரண்டு ஷீட்டுக்கு ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட் போட்டால் பகலில் விளக்கே வேண்டாம் என்பது உண்மை; வெயிலும் சேர்ந்து இறங்கும் என்பதும் உண்மை. வடக்குச் சன்னல் வைத்தால் நேர் வெயில் வராது என்று கட்டட நூல்களில் பொதுவாக எழுதியிருப்பது நமக்கு முழுதாகப் பொருந்தாது. திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை பிறப்பையொட்டி உச்சிச் சூரியன் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆவணி நடு வரை வடக்கே சாய்ந்தே போகிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். ஓரடி அளவுக்குச் சன்ஷேடு வைத்தால் நடுப்பகலுக்கு அது போதும். பகலொளி நல்ல துணை. ஆனால் வேலைக்குப் போய்வந்து மாலை ஆறு மணிக்கு மேல் பட்டறைக்குள் நுழைபவருக்கு அதனால் பயனில்லை.

மாட்டும் இடம் விளக்கின் தரத்துக்குக் குறையாத முக்கியம் உடையது. மேசையோரம் நிற்பவருக்கும் சுவருக்கும் இடையில், அதாவது மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, மேசையின் நீளத்துக்கு இணையாக முதல் வரிசை வர வேண்டும். அப்போது ஒளி நெற்றிக்கு முன்னால் விழும், தலை நிழல் பின்னால் போகும். இரண்டாவது வரிசை ரம்பத்துக்கும் கடைசலுக்கும் மேலே. வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம், மேசையிலிருந்து விளக்குக்கு உள்ள உயரத்தைவிட மிகுந்துவிடக் கூடாது. பத்தடி அகலத்தில் ஐந்தடி இடைவெளி சரியாக வரும். பலகை செருகி வைக்கும் மூலைக்கெல்லாம் தனி விளக்கு தேட வேண்டாம்.

வயரிங்கில் ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது: விளக்குக்கு ஒரு சர்க்யூட், இயந்திரத்துக்கு வேறு சர்க்யூட். ரம்பம் மரத்தில் சிக்கி, மின்சாரம் மிஞ்சினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி விழும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் அலகின் முன் ஒருவர் இருட்டில் நிற்பார். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 ஆம்பியர் எம்.சி.பியும் போதும், எல்லாவற்றுக்கும் முன்னால், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வரிசைக்கு ஒரு சுவிட்ச் வைத்தால் பெருக்கிக் கூட்டும்போது பாதி விளக்கோடு முடித்துக்கொள்ளலாம். மின்வெட்டுக்கும் இதே நியாயம்தான். கரண்டு போனால் ரம்பத்தின் மோட்டார் நிற்கும், அலகு உடனே நிற்காது. ஆறில் ஒரு விளக்கை, ரம்பத்துக்கு நேர் மேலே இருப்பதை, வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து இழுத்துவிட வேண்டும். 36 வாட் அதற்கு ஒரு சுமையே அன்று. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் உள்ளேயே பேட்டரி வைத்த எமர்ஜென்சி பல்பு ஒன்றை அதே இடத்தில் மாட்டலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் கிராமத்து லைனில், 140 முதல் 270 வோல்ட் வரை தாங்கும் என்று அட்டையில் அச்சிட்ட விளக்கையே எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடியை நினைத்து, மீட்டர்ப் பெட்டியருகே ஒரு சர்ஜ் காப்பானும் வைத்துவிடுவது நல்லது.

ஆறையும் ஒரே நேரத்தில் வாங்கக் கை நீளாவிட்டால் தரத்தைக் குறைக்க வேண்டாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம். நல்ல பேட்டன் நாலு போட்டாலே 300 லக்ஸுக்குச் சற்று மேல் வரும். மேசைக்கு அந்தக் கைவிளக்கு ஒன்றும் இருந்தால் எந்த வேலையும் நிற்காது. ஆறு பாயிண்டுக்கும் வயரை மட்டும் இப்போதே இழுத்து முனையை மூடி வைத்துவிட்டால், மிச்சம் இரண்டையும் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அத்தான் அப்படித்தான் செய்யப்போகிறார்கள். வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டது.